கரண்ட் பில்லின் பின்பக்கம்

டிராஃப்ட்டுக்கு இன்னும் இரண்டு நாள்.
எங்களுக்கு விழுந்த சீட்டு ஐந்தாவது.
எட்டு அணியில் ஐந்தாவது என்பது
கடைசிப் பந்திப் பாயசம்.
முந்திரி இருக்காது.

முந்திரி யாரென்று
காசிமேட்டில் எல்லோருக்கும் தெரியும்.
சைலஸ். ஐஸ் ஃபாக்டரியில் பார் தூக்குகிறவன்.
ஆறடி நாலு அங்குலம்.
வளையத்தைத் தொட அவன் குதிப்பதில்லை,
சோம்பல் முறிக்கிறான்.

முதல் அழைப்பு ராயபுரத்திடம்.
ராயபுரம் என்றால் ஹயாத் பாஷா.
பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடையில்
நின்றபடி பேச்சு.
கரண்ட் பில்லைத் திருப்பி எழுதிக் காட்டினேன்:
எங்கள் ஐந்தாவது,
அடுத்த வருஷ இரண்டாம் சுற்று,
போன சீசனில் வாங்கிய பந்து ஒன்று.

மசாலா முட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு
அவர் சொன்னார்:
"பந்து எங்ககிட்டயும் கீது தலைவரே,
ஆளு சொல்லு."

பேப்பரில் இருக்கும்வரை பெயர் என்பது
ரீபவுண்ட் எத்தனை, ஃபவுல் எத்தனை.
வாய் திறந்து சொல்லும்போதுதான்
காலடிப்பேட்டையில் அந்த ஆள் வீட்டு
அடிபம்பு வரை கண்ணுக்குத் தெரிகிறது.

டில்லிபாபு, என்றேன்.
பதினோரு வருஷமாய் எங்கள் சென்டர்.
ஒரு முட்டி போய்விட்டது,
மற்றது யோசித்துக்கொண்டிருக்கிறது.
சொன்ன கையோடு சூப்பில் எலுமிச்சை பிழிந்தேன்,
ஏற்கெனவே புளித்துக் கிடந்தது.

அவனிடம் நானேதான் சொல்ல வேண்டும்.
தண்டையார்பேட்டை, டேங்கர் லாரி வரிசை.
அணியின் எதிர்காலம், நீண்டகால நோக்கு என்று
வழியெல்லாம் வாக்கியம் அடுக்கிக்கொண்டு போனேன்.
முதல் வாக்கியத்திலேயே
பல் குத்திய குச்சியைத் துப்பிவிட்டுக் கேட்டான்:

"ராயபுரமா? ஒரே பஸ்ஸு.
போன வருஷமே தள்ளி வுட்டிருக்கலாம்ல?
என்கூட இன்னும் இன்னா குடுத்த?"

ஐந்தாவது. இரண்டாம் சுற்று. பந்து.

"ஏமாந்துட்டபா.
பந்து வேணாம்னு நின்னிருக்கணும்.
நான் போறேன்ல."

ஞாயிற்றுக்கிழமை சைலஸ் வந்தான்,
ரப்பர் செருப்போடு.
எம்.சி. ரோட்டில் கடை கடையாய் ஏறி இறங்கினோம்.
வண்ணாரப்பேட்டையின் உலகம்
பத்தாம் நம்பரோடு முடிந்துவிடுகிறது.
இவனுக்குப் பன்னிரண்டு.

நான் அறிய வடசென்னையில் அந்த நம்பர் ஷூ
ஒரே காலுக்குத்தான் உண்டு.
அந்தக் காலை
நான்தான் பில்லில் எழுதிக் கொடுத்தேன்.

போன் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தான்.
பின்னால் பந்து தட்டும் சத்தம்,
எங்கள் தரையைவிடச் சுத்தமாய்க் கேட்டது.

"பழைய ஜோடிதானே? சும்மாதான் கெடக்குது.
குடுக்கலாம்.
பாய்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."
கொஞ்சம் நிறுத்தி,
"உங்க மூணாம் சுற்று
இன்னும் உங்க கையிலதானே கீது?"

எழுத இடமுள்ள பில் ஒன்று
இருக்கிறதா என்று
பாக்கெட்டில் தேடிக்கொண்டிருக்கிறேன்.
பக்கத்தில் சைலஸ்,
வெறுங்காலோடு
வளையத்தின் கீழ் சோம்பல் முறிக்கிறான்.