புள்ளிக்குப் பின்னால்

புந்தா அரேனாஸ். நவம்பர்.
இரவு ஒன்பதுக்கும் வெளிச்சம் போக மறுக்கிறது.
துறைமுக அலுவலகத்தின் இரண்டாம் மாடியில்
யோவங்கா மிஹோவிலோவிச்
பட்டியலைத் திறந்து வைத்திருக்கிறாள்:
உலாவி எதையெல்லாம் கண்டு பயப்பட வேண்டும்
என்ற பட்டியல்.

இ.எக்ஸ்.இ. பயப்படு.
பி.ஏ.டி. பயப்படு.
எஸ்.சி.ஆர்., சும்மா கிடக்கும் திரையில்
மீன் நீந்தவிட்ட காலத்துப் பெயர்.
இப்போது மீன் இல்லை, தூண்டில் மட்டும்.
பயப்படு.

கோப்பின் பெயர் எவ்வளவு நீளமானாலும் சரி,
உலாவி பார்ப்பது கடைசிப் புள்ளிக்குப் பின்னால்
வந்து நிற்கும் இரண்டு மூன்று எழுத்தை.
வினைச்சொல்லை முடியும்வரை கேட்டால்தான்
வந்தது அவனா அவளா என்று தெரிவதுபோல.

புள்ளி தலையில் ஏறினால் மெய்
என்பது இந்த வரிகளின் மொழியில் கணக்கு.
போன மாதம் அங்கே வந்த கடிதத்தில்
இரண்டு புள்ளிகள்:
சம்பள விவரம், புள்ளி, பி.டி.எஃப்.,
புள்ளி, இ.எக்ஸ்.இ.
முதல் புள்ளியோடு படிப்பதை நிறுத்திக்கொண்டார்
கணக்குப் பிரிவு ஒனோஃப்ரே.
மூன்று நாள் கிரேன்களுக்கு வேலை சொன்னது
கரும்பலகையும் சாக்கட்டியும்.

"எச்சரிக்கை வரவில்லையா?"
"வந்தது.
அது தினமும்தான் வருகிறது."

வருகிறதுதான்.
கப்பல் வழிகாட்டி லாடிஸ்லாவோவுக்கு
நாளைக்கு நான்கு முறை காற்றின் முன்னறிவிப்பு,
ஜி.ஆர்.பி. என்ற வாலோடு.
நான்கு முறையும் உலாவி கேட்கிறது:
இது தீங்கு செய்யக்கூடும்,
வைத்துக்கொள்ளவா, எறிந்துவிடவா?
கேள்வி முடியுமுன்
அவர் விரல் 'வைத்துக்கொள்' என்கிறது.
ஜலசந்தியில் ஐம்பது நாட் காற்று,
வெளியே நங்கூரத்தில் ஒரு எண்ணெய்க் கப்பல்.
யார் உட்கார்ந்து படிப்பது?

யோவங்கா அந்த வாலை மன்னிக்கிறாள்.
எல்லா வாசலிலும் அல்ல,
வானிலைத் துறையின் ஒரு வாசலில் மட்டும்.
ஐ.எஸ்.ஓ.வைச் சேர்க்கிறாள்.
எல்.என்.கே.யைச் சேர்க்கிறாள்.
ஒனோஃப்ரேவை எங்கே சேர்ப்பது என்று யோசித்து
தனக்குள் சிரித்துக்கொள்கிறாள்.

கீழே, காற்று ஆளைத் தள்ளும் முனையில்
நகராட்சி கட்டிய கயிறு.
ஒரு கையில் கேக் பெட்டி,
மறு கையில் கயிறு,
யாரோ ஒருவர் கடக்கிறார்.
அடுத்த தெருவில் கயிறு இல்லை;
அங்கே வீசிய கையோடு நடக்கிறார்.

பட்டியலின் அடியில் ஒன்று மிச்சம்.
க்யூ.எக்ஸ்.வி.
எந்த மென்பொருளும் அதை அறியாது.
பக்கத்தில் குறிப்பு: 'இதைத் தொடாதே. எர்னா.'
தேதி இல்லை.
எர்னா வேலையை விட்டு
கோய்ஹைக்கேயில் தேனீ வளர்க்கிறாள்,
தொலைபேசியை எடுப்பதில்லை.

சுட்டி அதன்மேல் போய் நிற்கிறது.
ஜன்னல் கண்ணாடி ஒருமுறை அதிர்கிறது.

யோவங்கா அதை அப்படியே விட்டுவிட்டு
'சேமி'யை அழுத்துகிறாள்.