மைனஸ் இரண்டு புள்ளி ஆறு

எலும்பளக்கும் வண்டி
போட்ஸ்ஃபியோர் துறையில் வந்து நின்றபோது
சூரியன் கடைசியாக வந்துபோய் மூன்று நாளாகியிருந்தது.

மீன் ஆலையிலிருந்து நேராக வந்த சோல்ஃப்ரிட்
பூட்ஸைக் கழற்றாமல் படுக்கலாமா என்று கேட்டாள்.
கூடாது.
ஐம்பத்தேழு வயதுக் கால்கள் கம்பளிக் காலுறையோடு
பஞ்சுக் கட்டைமேல் ஏறின.
மேலே ஒரு இரும்புக் கை
சரக்கிறக்கும் கிரேன் போல, ஆனால் சத்தமின்றி, நகர்ந்தது.

கேள்வித்தாளில் முதல் கேள்வி:
வாரத்தில் எத்தனை நாள் மீன்?
தினமும், என்று எழுதினாள்.
பொய்யில்லை.
முப்பத்தொரு வருடமாக நாளுக்கு ஆயிரம் மீன்
கையில் புரண்டிருக்கிறது.
வாயில்?
பேனா நின்றது.
அடித்துவிட்டு எழுதினாள்:
கிறிஸ்துமஸ். அப்புறம், யாராவது கூப்பிட்டால்.

பால்: காபியில்.
கீரை: பர்கருக்குள் இருப்பது கணக்கில் சேருமா?
மீதி இடத்தில் உறைந்த பீட்சா, சாஸேஜ்,
ஆலை இயந்திரம் காசை விழுங்கித் துப்பும் கோலா.
ஐவின்ட் எண்ணெய்க் கிணற்று வேலைக்குத் தெற்கே போய்
அங்கேயே இருந்துவிட்ட பிறகு
அடுப்பின் நான்கு தட்டுகளில் மூன்று
தூசி துடைக்க மட்டுமே தொடப்படுகின்றன.
அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டமில்லை.

ராக்னி திரையைத் திருப்பிக் காட்டினாள்.
இடுப்பில் மைனஸ் இரண்டு புள்ளி ஆறு.
சோல்ஃப்ரிட் சிரித்துவிட்டாள்.
"எங்கள் ஊரில் அது கோட்டுக்குப் பொத்தான் போடாத குளிர்."
ராக்னி சிரிக்கவில்லை.
"போன வருடம் மணிக்கட்டு எப்படி உடைந்தது? பனியிலா?"
"இல்லை. தபால்பெட்டி இறுகியிருந்தது. இழுத்தேன்."

அவர்கள் பேச்சில் காலுக்கும் எலும்புக்கும் ஒரே சொல்.
நம் பேச்சில் மீனுக்கென்றால் முள்,
மனிதருக்கு எலும்பு.
முள்ளெடுத்தே பிழைத்தவளின் எலும்பை
யாரோ இத்தனை காலமும்
விரல்நுனியால் தடவித் தடவி
உருவிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்,
வலிக்காமல்.

அன்றிரவு ஒரு மத்தி டின்னைத் திறந்தாள்.
முதுகுத்தண்டு முழுசாய் இருந்தது, சின்னதாய், வெளுத்து.
கை தானாகப் போயிற்று அதை நெம்பியெடுக்க.
பாதி வந்ததைத்
திரும்பவும் சதைக்குள் வைத்து மூடினாள்.
மென்றாள்.
நொறுங்கவில்லை, மாவாய்க் கரைந்தது.
ருசியென்று சொல்ல ஒன்றுமில்லை,
பள்ளியில் திருட்டுத்தனமாய்க் கடித்த
சாக்பீஸ் மாதிரி.

ஜன்னல் வெப்பமானியில் மைனஸ் ஒன்பது.
கடை மூட இன்னும் நாற்பது நிமிடம்.
எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு
பால் வாங்கப் படியிறங்கினாள்,
முதல் தடவையாகக்
கைப்பிடியைப் பிடித்தபடி.