விடை பெறாமல் போனவர்

வால்டிவியாவில் அன்றும் மழை.
மூன்றாம் மாடி ஆய்வறையில்
ஈரக் குடைகளுக்கு ஒரு வாளி,
வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலி,
எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டு.
மருத்துவர் அல்ல நான்.
கோட்டு இருந்தால் நம்புவார்கள் என்றார்
பேராசிரியர் ஓயர்சூன்.

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு பொய்.
ஏழாம் படிவத்தில் தட்டச்சாகி
நெறிமுறைக் குழுவின் முத்திரையும் வாங்கிய பொய்:
"உங்கள் நினைவாற்றல்
உங்கள் வயதுக்காரர்களிலேயே மிகக் கீழே இருக்கிறது."
சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமல்,
அடுத்த தேர்வைக் கொடுக்க வேண்டும்.
மனம் விழுந்தபின் ஒருவர்
எத்தனை சொற்களைத் தவறவிடுகிறார்
என்பதுதான் கேள்வி.

முடிவில் இருபது நிமிடம், உண்மைக்கு.
அதற்கும் ஒரு படிவம் இருந்தது.
எண் ஒன்பது.

இருபத்தேழாம் எண்காரருக்கு
பகலில் மர அறுப்பாலை,
மாலையில் கணக்கியல் வகுப்பு.
இடது கட்டைவிரலில் நகம் இல்லை.
பொய்யைக் கேட்டதும்
மெதுவாகத் தலையாட்டினார்,
ஏற்கெனவே யாரோ சொல்லிவிட்டதை
நானும் சொன்னதுபோல.

இரண்டாம் தேர்வின் நடுவில் எழுந்துகொண்டார்.
நியெப்லாவுக்குக் கடைசி பஸ் என்றார்.
எந்நேரமும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டாம்:
ஒப்புதல் படிவம், நான்காம் பத்தி.
நான்தான் வாசித்துக் காட்டியிருந்தேன்.
"ஒரு நிமிடம்" என்றேன் கதவருகில்.
படிக்கட்டில் பூட்ஸ் சத்தம்
இரண்டு மாடி இறங்கியிருந்தது.
விடையும் பெறவில்லை,
விடைபெற்றுக்கொள்ளவும் இல்லை.

பெயரும் தொலைபேசி எண்ணும்
இழுப்பறைக்குள் பூட்டிக் கிடந்தன.
அவரைக் காப்பதற்கென்றே போட்ட பூட்டு.
"திறந்தால் அது மீறல், மியராய்.
ஒருவர் போனால் சராசரி அசையாது."
அசையவில்லைதான்.
அட்டவணையில் இருபத்தாறை ஒட்டி
இருபத்தெட்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

கட்டுரை வெளியானது.
மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி:
"பங்கேற்ற அனைவருக்கும் இறுதியில்
உண்மை விளக்கப்பட்டது."
அனைவருக்கும்.
அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்த விரல்கள்
இதோ, இவைதான்.

ஒன்றரை வருடம் கழித்து
ஆற்றோர மீன்சந்தையில் கண்டேன்.
பின்னால் கடற்சிங்கங்கள்
குடல் துண்டுகளுக்காகக் கத்திக்கொண்டிருந்தன.
முதலில் அந்தக் கட்டைவிரல்,
பிறகுதான் முகம்.
மேசைக் காலில் நூலால் கட்டிய நோட்டு ஒன்று.
வரிசையில் இரண்டே பேர்.
ஒருவர் இரண்டு கிலோ சியெர்ரா கேட்டார், தலையோடு.
அவர் கத்தியை வைத்தார்,
கை துடைத்தார்,
எழுதிக்கொண்டார்.
பிறகே மீனைத் தொட்டார்.

என் முறை வந்தபோது
ஒன்பதாம் படிவம் மனப்பாடமாக இருந்தது,
ஆனாலும் உளறினேன்.
நீங்கள் எடுத்த மதிப்பெண்ணை
அன்று யாரும் கூட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றேன்.
எல்லோருக்கும் அதே வாக்கியம்தான் என்றேன்.
மன்னியுங்கள் என்பதை எப்போது சொன்னேன்,
சொன்னேனா, தெரியவில்லை.

"அப்போ, அன்றைக்குச் சொன்னது பொய்.
இது உண்மை."

ஆமாம்.

"இரண்டும் ஒரே குரலில் இருக்கிறதே, அம்மணி."

இன்று என்னிடம்
கோட்டுகூட இல்லை.

அன்றிரவே இதழுக்கு எழுதினேன்:
மூன்றாம் பக்கத்தில் 'அனைவருக்கும்' என்பதை
'ஒருவரைத் தவிர' என்று திருத்துக.
பேராசிரியருக்கு ஒரு நகல்.
அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.
இதழிலிருந்து மரியாதையான ஒரு பதில் வந்தது:
அந்த நபருக்கு
இப்போதாவது விளக்கப்பட்டுவிட்டதா?
ஆம் அல்லது இல்லை எனக் குறிப்பிடவும்.

நான் சொன்னேன்.
அவர் முழுவதும் கேட்டார்.
பிறகு, என்ன வேண்டும் என்றார்.
ஒரு கிலோ, என்றேன்.
எனக்குப் பின்னால் வரிசையில் யாருமே இல்லை.
அவர் கை துடைத்து,
நோட்டை இழுத்து,
ஒரு கிலோ
என்று எழுதிக்கொண்டார்.