ஙா

முதலில் முகம் திருப்பியது மின்விசிறி.
மேசை விசிறி, நீல இறக்கை, ஒரு பக்கம் கம்பி நெளிந்தது.
ஆனி முடியும்வரை எங்கள் இருவருக்கும் பொதுவாகத்
தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.
ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவி வருகிறேன்,
கழுத்தை இறுக்கிக்கொண்டு
மா ஏ நுவேயை மட்டும் பார்த்து நிற்கிறது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள்.
ஆனாடே என்றொரு சொல் உண்டு பர்மியத்தில்:
அடுத்தவர் மனம் கூசுமே என்று
தன் வாயைத் தானே பொத்திக்கொள்வது.
என் அண்ணி பாக்கியவதிக்கு அப்படியொரு சொல்
தேவைப்பட்டதே இல்லை.
"ஏண்டி, தலையில எலி செத்துக் கிடக்கா?"

பாயிந்நவுங் சந்தையில் எங்கள் மண்டி.
மாட்பே உளுந்து, துவரை, பாசிப்பயறு.
மழைக்காலத்தில் சாக்கு நாறும்.
ஈரம் கூடிய மூட்டையைத் திருப்பி அனுப்பக்
கடிதம் எழுதுவது என் வேலை.
ஒரு மாதம் முழுக்கச் சாக்கின் மேல் பழி போட்டேன்.

பிறகு தலையணை சொன்னது.
மூன்றாம் நாள் கழுநீர்,
நனைந்த நாய், காறிய நல்லெண்ணெய்,
எதுவும் சரியான பெயரில்லை.
விரல் நுனியால் உச்சியைச் சுரண்டி மோந்து பார்ப்பேன்
பஸ்ஸில், கோயில் வரிசையில்.
மோந்ததை யாரும் பார்த்தார்களா என்று பார்ப்பேன்.
கல்யாணமான நாளிலிருந்தே
சுவரைப் பார்த்துப் படுப்பவர் என் வீட்டுக்காரர்.
இப்போது அந்தச் சுவர் மேலும் சந்தேகம்.

எலுமிச்சை எரிந்தது.
வெந்தயம் தானும் சேர்ந்து நாறியது.
தெருமுனையில் தயோ கின்பூன் வாங்கினேன்,
பிளாஸ்டிக் பையில் கட்டிய பழுப்பு நீர்,
மரப்பட்டையும் சீயக்காயும்.
நம் சீயக்காய்தான், இங்கே அதற்குக் கின்பூன் என்று பெயர்.
நானும் வீட்டில் செண்பகவடிவு,
பள்ளிச் சான்றிதழில் மா தன்டார் வின்.

தினமும் குளித்தேன்.
தினமும் ஈரத்தோடு கொண்டை போட்டு ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.
கரண்ட் வரும் அரைமணியில்
முடி உலர்த்துவதா, தண்ணீர் ஏற்றுவதா?
தண்ணீர்தான்.

தாம்வேயில் தோல் டாக்டர், சின்னப் பெண்,
கையுறை போடாமலே என் வகிட்டைப் பிரித்தாள்.
முகம் சுளிக்கவில்லை. அதற்கே எனக்கு அழுகை வந்தது.
"அழுக்கு இல்லை அக்கா, பூஞ்சை.
ஈரத்தோடு கட்டாதீர்கள்.
வாரம் இரண்டு முறை இந்த ஷாம்பூ,
நுரையை ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள்."
அழுக்கு இல்லை.
இரண்டு சொல்லுக்குப் பதினைந்தாயிரம் சாட். மலிவு.

ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று
கண்ணை மூடி நுரையோடு நின்றவளுக்குத் தெரியும்.
எண்ணுவேன்.
கோபம் எனக்குத் தமிழில் வரும், கணக்கு பர்மியத்தில்.
தித், நித், தோன், லே, ஙா.
ஙா என்றால் ஐந்து.
ஙா என்றால் மீன்.
குரலைக் கொஞ்சம் தாழ்த்தினால்
அதே ஙா, நான்.
அரிச்சுவடியில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த எழுத்து
குளியலறையில் எனக்காக உழைக்கிறது.

முழுக்கப் போய்விட்டதென்று சொல்லமாட்டேன்.
அடுத்த மழையில் ஒருமுறை எட்டிப் பார்த்தது.
விசிறியை எப்போது திருப்பினாள், கவனிக்கவில்லை.
ஒருநாள் என் பேரேட்டுத் தாள் பறந்தது.

நேற்று பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில்
கழுத்தில் தொழிற்சாலை அட்டையோடு ஒரு பெண்.
ஈரக் கொண்டை, அதைச் சுற்றி ஒரு முழம் மல்லிகை,
மல்லிகைக்கு அடியில் எனக்குத் தெரிந்த ஒன்று.
அவள் விரல் உச்சிக்குப் போனது, மூக்குக்கு வந்தது.
நான் சட்டென்று ஜன்னலைப் பார்த்தேன்.
அவள் பக்கத்து இருக்கை காலியானதும்
எழுந்து போய் உட்கார்ந்தேன்.
ஷாம்பூவின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது.

ஆனாடே.
லேடான் நிறுத்தம் வரை
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.