பதினோராவது டேக்

அந்த நவம்பரில் பர்னபியில்
மழை விட்ட நாளே இல்லை.
பழைய மரச்சாமான் கிடங்குக்குள்
ஒரே சமையலறையை இரண்டு முறை கட்டியிருந்தார்கள்.
ஒன்றில் சுவர் மஞ்சள், இன்னொன்றில் பச்சை.
மற்றபடி அதே குழாய், அதே சொட்டு,
குளிர்பெட்டியில் ஒட்டிய அதே மின்கட்டண ரசீது.

மாரென் ஆஷ்டவுனுக்கு இரட்டை வேடம்.
மஞ்சள் உலகத்து ஐரிஸ் அன்றிரவு கதவைத் திறந்தவள்.
பச்சை உலகத்து ஐரிஸ் திறக்காதவள்.
ஒருத்தி பேசும்போது மற்றவளுக்கு
ஒரு பிடரி வேண்டும், ஒரு தோள் வேண்டும்.
அது நான்.
ஆறு சீசன்களாக என் முகத்தை யாரும் பார்த்ததில்லை.
என் பின்னந்தலைக்கு மட்டும் பல நாடுகளில் ரசிகர்கள்.

"நீ திறக்காததால்தான் நான் திறந்தேனா?"
என்று கேட்பாள் ஐரிஸ்.
எனக்கு வசனம் கிடையாது.
கேட்டுக்கொள்ள வேண்டும்.
கேட்டுக்கொள்வது என்றால்
தோளுக்குக் காது முளைத்ததுபோல் உட்கார்ந்திருப்பது.

கதை இரவோடிரவாக மாறும்.
வெள்ளைத் தாள், அதற்கு மேல் நீலம்,
அதற்கும் மேல் இளஞ்சிவப்பு
விடிகாலையில் கேரவன் கதவிடுக்கில் நனைந்து கிடக்கும்.
நீலத்தில் ஐரிஸ் தன் தம்பியை மன்னித்தாள்.
இளஞ்சிவப்பில் தம்பியே பிறக்கவில்லை.
தம்பியாக நடித்த டேரியஸ் பாலக்
அன்று மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் கிளம்பினான்,
மீன் வறுவலுக்கு எலுமிச்சை கேட்டு வாங்கி,
விதைகளை ஒவ்வொன்றாகத் தட்டோரம் ஒதுக்கி.

எட்மன்டனில் செவிலியர் கல்லூரிக்குப்
பணம் கட்டக் கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை.
நான் கட்டவில்லை.
ஏன் என்று கேட்டால் ஒரு காரணம் சொல்வேன்.
போன வருடம் கேட்டிருந்தால் வேறொன்று.
அங்கே ஒரு டெலினா ஹ்ருஷ்கா
இந்நேரம் யாருக்கோ ஊசி போட்டுவிட்டு
"வலிக்காது, வலிக்காது" என்று
பொய் சொல்லிக்கொண்டிருக்கலாம்.
அவளுக்கு முகம் இருக்கும்.

பத்து டேக் ஆயிற்று.
மேசையில் கோப்பை, கைப்பிடி வலப்பக்கம்.
பதினொன்றில்
"திறந்தேனா" என்ற சொல் முடியுமுன்
என் கை நீண்டது.
கைப்பிடி இடப்பக்கம் திரும்பியது.
நான் திருப்பினேன் என்று எழுதத்தான் நினைத்தேன்,
பேனா இப்படித்தான் எழுதுகிறது.

கட் என்று யாரும் சொல்லவில்லை.
ஒளியமைப்பாளர் தும்மலை விழுங்கினார்.
இயக்குநர் ஜில் தோரான் திரையைப் பார்த்தபடி
"இதுதான்" என்றார், "இதேபோல் இன்னொன்று."

பிறகு பதினான்கு முறை
இதேபோல்.
அதே சொல்லில், அதே விரலால், அதே வேகத்தில்
என் விருப்பத்தை நான் நகலெடுத்தேன்.
மறுநாள் மஞ்சள் தாளில் அது அச்சாகி வந்தது:
பச்சை ஐரிஸ் கோப்பையைத் திருப்புகிறாள்.
அடுத்த வாரம் சீசனின் முடிவே
அந்தக் கோப்பையில் தொங்கியது.
கோப்பை திரும்பிய உலகம் பிழைக்குமாம்,
திரும்பாதது எரியுமாம்.
நெருக்கக் காட்சிக்கு மட்டும்
மாரெனின் கையை எடுத்துக்கொண்டார்கள்.
என் நகங்கள் கடித்த நகங்கள்.

பதினோராவது டேக் முடிந்ததும்
யுன்-சோ என்னிடம் வந்தாள்.
தொடர்ச்சி பார்ப்பது அவள் வேலை.
எந்தப் பொத்தான், எந்த மடிப்பு, தேநீர் எவ்வளவு மிச்சம்,
எல்லாவற்றுக்கும் அவள் நோட்டில் கட்டம் உண்டு.
காரணத்துக்குக் கட்டம் கிடையாது.
இருந்தாலும் கேட்டாள்.

"ஏன்?"

"கை மரத்துப்போச்சு" என்றேன்.
கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில்,
பென்சிலால் குறித்துக்கொண்டாள்.
எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்தேன்.
அதன் பிறகுதான்
கை மரத்துப்போகத் தொடங்கியது.