நாற்பத்தொரு லட்சம் புள்ளிகள்

உவர்மலைச் சரிவில்,
முன்பு மீனுக்கு ஐஸ் அடித்த கொட்டிலில்
மெற்றில்டாவின் நிலா கிடக்கிறது,
ஒரு பக்கம் மட்டும்.
மறுபக்கத்துக்குக் காசில்லை.
"அதை எப்படியும் ஒருத்தரும் பார்க்கிறேல்லையே" என்கிறாள்.

புல்மோட்டைக் கறுப்பு மணலைப் பிசினில் குழைத்து
அறைந்து அறைந்து அப்பியிருக்கிறாள்.
மேலேயும் இதே இல்மனைட்தானாம்.
என்ன, அங்கே லொறி போவதில்லை.

பள்ளங்கள்:
தேத்தண்ணிக் கேத்தல், ஹெல்மெட்,
ஒரு நாள் கோபத்தில் அவள் முழங்கை.
ஆழமானது முழங்கைதான்.

என் ஸ்கானர் வாடகைக்கு எடுத்தது,
நாளுக்கு எண்ணாயிரம்.
வெளிச்சத்தை விழுங்கிவிட்டுத் திருப்பித் தராத எதையும்
அது இல்லையென்றே எழுதும்.
முதற்சுற்றில் திரையில் நிலா இல்லை.
சுவர் இருந்தது. மேசை இருந்தது.
அவள் செருப்பு இருந்தது, வார் அறுந்தது உட்பட.

சந்திக் கடையில் குழந்தைப் பவுடர் நாலு டப்பா.
"எத்தனை பிள்ளை?" ஹில்மி நானா கேட்டார்.
"ஒண்டு. பெரிசு."

தூவத் தூவ வெளுத்தது.
"இப்ப இது எல்லாரும் கீறுற நிலா"
என்று சொல்லி வெளியே போய்விட்டாள்.

நான் சுற்றினேன்.
ஒளிக்கோடு பள்ளங்களில் இறங்கி ஏறியது.
மூன்றாம் சுற்றில் கதவால் ஒரு மான்,
இந்த ஊர் மான், பழத்தோலுக்குப் பழகியது,
பவுடரையா, அதில் ஒட்டிய கைவியர்வையையா,
நின்று நக்கியது.
விரட்டவில்லை நான்.
கருவியை நிறுத்தவும் தோன்றவில்லை.

இரவு
நாற்பத்தொரு லட்சம் புள்ளிகள்.
நிலாவின் விளிம்பில்
மூன்று காதும் காலில்லாத கழுத்துமாய்
புகைபோல ஒரு பிராணி.
முழங்கைப் பள்ளத்தின் அடியில் ஓட்டை;
அவ்வளவு தூரம் வெளிச்சம் போகவில்லை.
மென்பொருள் கேட்டது:
இரைச்சலை நீக்கவா?
துளைகளை அடைக்கவா?

படம் அனுப்பினேன்.
பன்னிரண்டு மணிக்குப் பதில்:
"மானை விடு. ஓட்டையை அடைக்காத.
அதுக்குள்ளால பார்த்தா என்ன தெரியுது?"

உருட்டி, பெருப்பித்து, கிட்டப் போனேன்.
அவள் செய்யாத பக்கம்.
சாம்பல் நிறத் திரை,
அதில் என் மூக்குக்கண்ணாடி.
ஏதோ பெரிதாய் எழுதி, அழித்து,
"ஒண்டுமில்ல" என்று அனுப்பினேன்.
"அப்ப சரி" என்றாள்.

விடியப் போனேன்,
வாளித் தண்ணீரும் துணியுமாய்
நிலாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
மான் நக்கிய இடம்
ஏற்கெனவே கறுப்பு.