ஏற்றத்தில் மட்டும்

நேற்று, கடைசிப் படகு கிளம்பும் நேரம்,
ஆரின் டட்டில் தன் வண்டியைத்
தள்ளிக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தார்.
"மிதித்தால் யோசிக்கிறது" என்றார்.
அவ்வளவுதான் புகார்.

கார் கால் வைக்காத தீவு இது.
கரோலினாக் கரையிலிருந்து இருபது நிமிடம்.
தபால், பால் பாட்டில், பிரசவ வலி,
குப்பை, மணப்பெண், ஒரே ஒரு போலீஸ்காரர்,
எல்லாம் போவது கோல்ஃப் வண்டியில்தான்.
கோல்ஃப் ஆடுகிறவர்கள் மொத்தம் ஒன்பது பேர்.

முதலில் காது.
மிதியை அழுத்தினேன்.
இருக்கைக்கு அடியில் 'டக்'.
சாலினாய்டு எழுந்துவிட்டது,
வண்டி எழவில்லை.

மீட்டரை எடுத்தேன்.
அழுத்திப் பிடித்தபடியே பார்த்ததில்
இந்தப் பக்கம் நாற்பத்தெட்டு வோல்ட்,
அந்தப் பக்கம் முப்பத்தொன்று.
கைக்கு வந்ததில் பாதியை வழியிலேயே தின்றுவிட்டு
'சேர்த்துவிட்டேன்' என்று
குரல் மட்டும் கொடுக்கிற ஆள்.
கழற்றி எறிந்தேன். புதிது போட்டேன்.

இப்போது நகர்ந்தது.
முட்டையிட வந்த ஆமைகூட
பின்னாலிருந்து ஹாரன் அடித்திருக்கும்.

பேட்டரி ஆறு. ஒவ்வொன்றும் எட்டு வோல்ட்.
நிற்கும்போது அளந்தால்
ஆறும் நல்ல பிள்ளைகள்.
எட்டே கால், எட்டே கால், எட்டு நாற்பது...
சும்மா நிற்கிறவனிடம் நலம் விசாரித்தால்
நலம் என்றுதான் சொல்வான்.

ஆகவே மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு
ஆரினை ஓட்டச் சொல்லி
கலங்கரை விளக்கத்து ஏற்றத்தில் போனோம்.
ஒரு தடவைக்கு ஒரு பேட்டரி.
மூன்று தடவை அவர் வானிலை பற்றிப் பேசினார்.
நாலாவது தடவை, நாலாவது பேட்டரி,
முள் சரசரவென்று ஐந்துக்கு இறங்கியது.
அவரும் பேச்சை நிறுத்தினார்.

ஐந்து பழசுக்கு நடுவில் புதுசு ஒன்றைப் போட்டால்
பழசுகள் அதைச் சீக்கிரமே
தங்கள் வயசுக்கு இழுத்துவிடும்.
அலமாரியில் தேடி
அதே வருடத்துப் பேட்டரி ஒன்றை,
பாதி உழைத்ததை, மாட்டினேன்.

இன்னும் ஏதோ பிடித்திழுத்தது.
ஜாக்கி வைத்துத் தூக்கி
வலது பின்சக்கரத்தைக் கையால் சுற்றினேன்.
கரகர.
டிரம்மைத் திறந்ததும்
உள்ளங்கையில் விழுந்தது ஒரு சில்லு.
ஒரு புறம் சாம்பல், மறுபுறம் முத்துப் பளபளப்பு.

"என்ன ஏற்றுகிறீர்கள்?"
"செய்தித்தாள்தான்."
பின்பக்க ஸ்பிரிங் இரண்டும்
தட்டையாகப் படுத்திருந்தன.
செய்தித்தாளுக்கு இவ்வளவு கனம் இருந்த காலம்
போய்விட்டது ஆரின், என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். மாட்டிக்கொண்டார்.
பிறகு சொன்னார்:
வெர்லீன் வீட்டுப் பின்படிக்கும் கடலுக்கும் இடையில்
போன வருடம் முப்பது அடி.
இப்போது பதினொன்று.
தடுப்புக் கட்ட மனுக் கொடுத்துப்
பதினான்கு மாதம் ஆகிறது.
உணவகத்தின் பின்கதவில்
விடிவதற்கு முன் சிப்பி ஓடு கிடைக்கும், மூட்டை மூட்டையாக.
தங்கைக்கு இது தெரியாது.
அலைதான் கொண்டுவந்து கொட்டுகிறது
என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

"எத்தனை மூட்டை?"
"பன்னிரண்டு."
"ஒரு நடைக்கா!"
படகுத்துறை விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏழுக்கு மேல் ஏற்றினால்
மோட்டார் உங்களுக்கு முன்னால் போய்ச் சேரும் என்றேன்.
பில் எழுதினேன்.
சாலினாய்டு ஒன்று. பேட்டரி ஒன்று, பழையது, பாதி விலை.
பிரேக் சுத்தம் செய்தது.
எதைச் சுத்தம் செய்தேன் என்று எழுதவில்லை.

இன்று காலை நாலே முக்கால்.
படுக்கையில் கிடந்தபடி கேட்டேன்:
'டக்',
பிறகு அந்த மெல்லிய ரீங்காரம்.
விளக்குப் போடாமல் போகிறார்.
சமதளத்தில் குரல் சுத்தமாக இருந்தது.
நல்ல வேலை செய்திருக்கிறோம் என்று
புரண்டு படுக்கப் போனேன்.
ஏற்றத்தின் பாதியில்
சுருதி இறங்கியது,
இன்னும் இறங்கியது.
ஏழு இல்லை.
பாவி மனுஷன்,
பன்னிரண்டையும் ஏற்றியிருக்கிறார்.